கொழுப்பை எரிக்க முடியாத உடம்பு: தேங்காய்ப்பால், விரதம், காய்ச்சல் நேரச் சாப்பாடு

களுவாஞ்சிக்குடி அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். மகளுக்கு மூன்று வயது. கொழும்புக்கு அனுப்பிய இரத்தப் பரிசோதனையின் முடிவு வந்துவிட்டது. விஎல்கேட் குறைபாடு என்கிறார்கள், அதாவது நீளச் சங்கிலிக் கொழுப்பை உடைக்கிற நொதியம் போதாது. நீண்ட நேரம் பட்டினி இருக்க விடக்கூடாது, எண்ணெயைக் குறைக்க வேண்டும், எம்.சி.டி. (நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு) எண்ணெய் என்று ஒன்று தருவோம், அளவை உணவியலாளர் சொல்வார் என்றார் டொக்டர். அந்த கிளினிக்குக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் வீட்டில் ஆளுக்கொரு கதை. எம்.சி.டி. என்பதே தேங்காய் எண்ணெய்தானாம், யூடியூபில் பார்த்தாராம் மாமி. கட்டித் தேங்காய்ப்பாலில் பால்ச்சோறு ஆக்கிக் குடு என்று நிற்கிறார். பக்கத்து வீட்டு அக்காவோ தேங்காயே வாசலுக்குள் வரக்கூடாது என்கிறார். எங்கள் வீட்டில் சொதி இல்லாமல் இடியப்பம் இறங்காது. யார் சொல்வதைக் கேட்பது? இதே வருத்தம் உள்ள பிள்ளைகள் வீட்டில் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

வாவிக்கரையான்:
மாமி சொல்வது சரிதான் தங்கச்சி. தேங்காய் எண்ணெயில் இருக்கிறது எம்.சி.டி. நானும் மாச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டுகிற கீட்டோ டயட் இருந்தபோது காலையில் இரண்டு கரண்டி குடிப்பேன். நல்ல தெம்பு. நம்ம ஊர்த் தேங்காயை விட்டுவிட்டு ஏன் வெளிநாட்டுப் போத்தலுக்குக் காசு கொட்ட வேண்டும்?

ஏறாவூர் ராத்தா:
தம்பி, கொஞ்சம் பொறுங்கள். என் மகனுக்கும் கொழுப்பு எரியாத வருத்தம்தான், ஆனால் அவனுடையது எம்கேட் குறைபாடு. அவனுக்கு எம்.சி.டி. எண்ணெய் கொடுக்கவே கூடாது என்று சிவப்பு மையில் எழுதித் தந்திருக்கிறார்கள். அவனுக்கு உடையாதது அந்த நடுத்தரச் சங்கிலிக் கொழுப்புத்தான். அதையே எடுத்து ஊற்றினால் என்ன ஆகும்? களுவாஞ்சிக்குடித் தங்கச்சி, உங்கள் பிள்ளைக்கு மருந்தாகத் தருவது என் பிள்ளைக்கு விஷம். அதனால் பெயரைச் சரியாகக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'கொழுப்பு வருத்தம்' என்று மட்டும் சொல்லி ஆலோசனை கேட்டால் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான் வரும். அதில் ஒரு பிள்ளை மாட்டும்.

வாவிக்கரையான்:
ஒரே வருத்தத்துக்கு எப்படி இரண்டு மருந்து?

வார்ட் மிஸ்:
ஒரே வருத்தம் இல்லை அண்ணா. நான் சிறுவர் வார்டில் வேலை செய்கிற தாதி. டொக்டர் இல்லை, ஆனால் இந்தப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், உணவியலாளரோடு நின்று படித்தும் இருக்கிறேன்.

சாப்பிட்டு சில மணி நேரம் வரைக்கும் உடம்பு சோற்றில் இருந்து வந்த சீனியில் ஓடும். மறுகா ஈரலில் சேர்த்து வைத்த கிளைக்கோஜன் கரையும். பெரிய ஆளின் ஈரலில் அது சுமார் 100 கிராம்தான், மூளை மட்டுமே ஒரு நாளைக்கு அதைவிடக் கூடச் சீனி கேட்கும். அதுவும் முடியும்போது கொழுப்பை உடைத்துச் சக்தி எடுக்கிறோம். ஈரல் அதிலிருந்து கீட்டோன் செய்து மூளைக்கும் அனுப்பும். இந்தப் பிள்ளைகளுக்கு அந்தக் கடைசிக் கட்டம்தான் ஓடாது. வீட்டில் அரிசிப் பானை காலியானால் பட்டறையைத் திறந்து நெல்லைக் குத்துவோம் அல்லவா. இவர்களுக்குப் பட்டறை நிறைய நெல் இருக்கும், குத்த உரல் இல்லை. அதனால்தான் பிள்ளை கொழுகொழு என்று இருந்தாலும் ஒரு ராத்திரிப் பட்டினியில் சீனி விழுந்து மயங்கும். கீட்டோனும் வராது. பொதுவாகப் பட்டினியில் சீனி விழுந்தால் கீட்டோன் ஏறியிருக்க வேண்டும், அது ஏறாததைப் பார்த்துத்தான் பல டொக்டர்மார் இதைச் சந்தேகிக்கிறார்கள்.

இனி ஏன் இரண்டு மருந்து என்பது. கொழுப்பமிலம் ஒரு கரி (காபன்) அணுச் சங்கிலி. 14, 16, 18 கரி நீளமானவை, கலத்தின் சக்தி அடுப்பான மைட்டோகொண்ட்ரியாவுக்குள் போகக் கார்னிட்டின் என்ற ஆள் தூக்கிச் செல்ல வேண்டும். உள்ளே போனதும் விஎல்கேட் முதல் வெட்டு வெட்டும். கொஞ்சம் கொஞ்சமாகச் சங்கிலி குறுகி 8, 10 கரிக்கு வந்தபின் எம்கேட் எடுத்துக்கொள்ளும். களுவாஞ்சிக்குடி அக்காவின் மகளுக்கு முதல் வெட்டில் தடை. 8, 10 கரிக் கொழுப்பு கார்னிட்டினுக்குக் காத்திராமலே உள்ளே போய்விடும், தடைக்கு அடுத்த பக்கத்தில் இறங்கும், ஆகவே அவளுக்கு அது உதவி. ராத்தாவின் மகனுக்குத் தடையே அந்த இடத்தில்தான்.

தேங்காய் எண்ணெயில் அந்த 8, 10 கரிக் கொழுப்பு எல்லாம் சேர்த்தே சுமார் 15 சதவீதத்துக்குள். பாதிக்குக் கிட்ட 12 கரி லோரிக் அமிலம், அது பாதி அந்தப் பக்கம் பாதி இந்தப் பக்கம் போகிற சாமான். மிச்சத்தில் 14, 16, 18 கரி நிறைய. கடையில் மருந்தாக வருகிற எம்.சி.டி. எண்ணெய் பிரித்தெடுத்தது, அதில் ஏறக்குறைய முழுக்க 8, 10 கரிதான். ஆகவே விஎல்கேட் பிள்ளைக்கு எம்.சி.டி.க்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெய் என்றால், மருந்து கொஞ்சம், ஆகாதது நிறைய என்று போகும். எம்கேட் பிள்ளைக்கோ அதிலுள்ள கொஞ்சமும் யோசிக்க வேண்டியது. கறியில் எவ்வளவு விடலாம் என்பதை அவரவர் டொக்டர்தான் சொல்ல வேண்டும், குறிப்பாகக் கைக்குழந்தை என்றால்.

களுவாஞ்சிக்குடி அம்மா:
மிஸ், இப்படி ஒருவரும் விளங்கப்படுத்தவில்லை. மாமியிடம் வாசித்துக் காட்டினேன். "அப்ப புள்ளைக்கு என்னத்தத்தான் குடுக்க?" என்று கேட்கிறார்.

வார்ட் மிஸ்:
நியாயமான கேள்வி. கிளினிக் வரைக்கும் தேவையான சில பழக்கங்கள் மட்டும் சொல்கிறேன், அளவு சொல்ல மாட்டேன்.

கறி ஆக்கும்போது பிள்ளையின் பங்கைத் தேங்காய்ப்பால் விடும் முன்னமே சின்னச் சட்டியில் எடுத்துவிடுங்கள். புளி, மிளகு, சின்னச்சீரகம் போட்டு வற்றவிட்டால் ருசியாகவே இருக்கும். கட்டியான முதற்பாலில் 100 கிராமுக்கு 20 கிராம் அளவில் கொழுப்பு. மூன்றாம் பிழிச்சலில் அது நிறையக் குறைந்திருக்கும். சொதிக்கு அதை ஒரு கரண்டி காட்டினால் போதுமா, அதுவும் வேண்டாமா என்று உணவியலாளரிடம் கேளுங்கள். பிட்டில் தேங்காய்ப்பூ வேண்டாம், இடியப்பம் பிரச்சினை இல்லை. எருமைத் தயிர் நம்ம பக்கத்துப் பெருமை, ஆனால் எருமைப் பாலில் கொழுப்பு 7, 8 சதவீதம், பசுப் பாலைப் போல இரு மடங்கு. கொழுப்பு நீக்கிய பால்மா பாவிக்கலாமா என்று கேளுங்கள். கச்சான், முந்திரி, பொரித்த மிக்சர் எல்லாம் விருந்தாளிகளுக்கு.

வாவி மீனில் மெல்லிய வெள்ளைச் சதை உள்ளவை, இறால், முட்டை வெள்ளைக்கரு, பருப்பு எல்லாம் தாராளம். பொரிக்காமல்.

ஒன்று முக்கியம். எண்ணெய் முழுக்க நிறுத்திவிடாதீர்கள். மூளை வளரும் வயது. அத்தியாவசிய கொழுப்பமிலம் இரண்டும் உடம்பு தானாகச் செய்யாது. அதற்கென்று சூரியகாந்தி, வால்நட் மாதிரி ஏதோ ஒரு எண்ணெயைத் துளிக் கணக்கில் அளந்து தருவார்கள். கடும் வகையா இலேசான வகையா என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். இலேசான விஎல்கேட் பிள்ளைகள் ஏறத்தாழ வீட்டுச் சாப்பாடே சாப்பிடுகிறார்கள்.

ஏறாவூர் ராத்தா:
என் மகனுக்குக் கொழுப்புக் குறைப்பே இல்லை, அதையும் சொல்லி வைக்கிறேன். எல்லாரோடும் ஒரே சகன்தான். நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், அவ்வளவு. படுக்கப்போகும் முன் ஒரு கோப்பை, விடிந்ததும் ஒரு கோப்பை. ஒரு வயது தாண்டிய சுகமான பிள்ளைக்கு ராத்திரி 10, 12 மணி நேரம் தாங்கும் என்பார்கள். கைக்குழந்தைக்கு அது மிகக் குறைவு, எழுப்பித்தான் பால் கொடுக்க வேண்டும். சுகமில்லாத நாளில் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

லண்டன் மட்டக்களப்பான்:
இங்கே எம்கேட் குறைபாட்டைப் பிறந்த ஐந்தாம் நாள் குதிக்காலில் எடுக்கிற இரத்தத் துளியிலேயே பார்த்துவிடுகிறார்கள். இங்கிலாந்து முழுக்க 2009 முதல் நடக்கிறது, சுமார் 10,000 பிள்ளைகளில் ஒன்றுக்கு இருக்கிறதாம். நம்ம நாட்டில் குதிக்கால் இரத்தம் எடுப்பது தைரொயிட்டுக்குத்தானே? அதனால்தான் முதல் மயக்கம் வந்தபிறகே பெயர் தெரிகிறது. இன்னொன்று, நீளச் சங்கிலி வகைகளுக்கு ட்ரைஹெப்டனோயின் என்று 7 கரி எண்ணெய் ஒன்றை அமெரிக்கா 2020 ஜூனில் மருந்தாக அனுமதித்தது. விலை கேட்டால் எனக்கே மயக்கம் வரும். கேள்விப்பட்டால் குழம்ப வேண்டாம் என்பதற்காக எழுதினேன்.

பொத்துவில் நடையன்:
பிள்ளைகளின் கதையாகவே போகிறது. பெரியவர்களுக்கும் இது உண்டு. எனக்கு சிபிடி-2 குறைபாடு, கார்னிட்டினோடு நீளக் கொழுப்பை உள்ளே எடுக்கிற நொதியம் போதாது, தசையைப் பிடிக்கிற வகை. உலகத்தில் முதன்முதல் 1973இல்தான் இதை எழுதினார்கள் என்று என் டொக்டர் சொன்னார்.

சின்ன வயதில் இருந்தே நெல் மூட்டை தூக்குவேன், மரம் ஏறுவேன், ஒரு பிரச்சினையும் இல்லை. ஆனால் நீண்ட தூரம் நடந்தால் தொடை கல்லாகும். சோம்பேறி என்று ஏச்சு வாங்கினேன். ஒரு ஆடியில் கதிர்காமப் பாதயாத்திரை போனேன். உகந்தையில் கும்பிட்டுவிட்டுக் காட்டுக்குள் இறங்கினோம். விரதம் என்று ஒரு நேரச் சாப்பாடு, அதுவும் இலைக்கறிச் சோறு கொஞ்சம். குமண தாண்டினதும் கால் நகரவில்லை. சலம் போனால் பிளேன்டீ நிறம். வெயில், தண்ணீர் காணாது என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். ஆஸ்பத்திரியிலும் முதலில் அதையேதான் சொன்னார்கள். இரத்தத்தில் சி.பி.கே. என்ற தசை நொதியம் பார்த்தபின்தான் முகம் மாறியது. தசை உடைந்து அந்தச் சாயம் சிறுநீரகத்தில் இறங்கியிருக்கிறது. சேலைனும் குளுக்கோசும் ஏற்றி ஏற்றித்தான் சிறுநீரகத்தைக் காப்பாற்றினார்கள்.

மூட்டை தூக்க முடிகிறது, நடக்க முடியவில்லை, ஏன் என்று வெகுகாலம் விளங்காமல் இருந்தேன். சட்டென்று செய்கிற வேலைக்குத் தசைக்குள் இருக்கிற கிளைக்கோஜன் போதும். மணிக்கணக்கில் மெதுவாகச் செய்கிற வேலைக்குத்தான் கொழுப்பு வேண்டும். என் உடம்பு சரியாக அந்த இடத்தில் கையை விரிக்கிறது. இப்போது சோறு, மரவள்ளி, பாண் என்று மாச்சத்தைக் கூட்டி, எண்ணெயைக் குறைத்து, வேலைக்கு முன் கட்டாயம் சாப்பிடுகிறேன். இடையிலும் ஏதாவது. மாரி மழையில் நனைந்து குளிர்ந்தாலும் பிடிக்கும், காய்ச்சலிலும் பிடிக்கும். தசை நோகத் தொடங்கினால் யார் என்ன சொன்னாலும் உட்கார்ந்துவிடுவேன். சலம் கறுத்தால் வீட்டு வைத்தியம் இல்லை, நேரே ஆஸ்பத்திரி. முருகனைப் பார்க்க பஸ்ஸில் போகிறேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை.

வாவிக்கரையான்:
நடையன், உங்களுக்குக் கீட்டோ ஒத்து வராதா? கொழுப்பைக் கூட்டினால் உடம்பு எரிக்கப் பழகும் என்கிறார்களே.

பொத்துவில் நடையன்:
நொதியம் பழக்கத்தால் வராது மச்சான். அது தாய் தகப்பன் தந்த மரபணு. எனக்குக் கீட்டோ என்றால் நேரே ஐசியூ.

தம்பிலுவில் வாத்தி:
இரண்டு பக்கமும் பழுதான மரபணு வந்தால்தான் இந்த வருத்தம் என்று வாசித்தேன். நாங்கள் ஒரே குடிக்குள் (தாய்வழி வம்சத்துக்குள்) கட்டுவதில்லை. அப்படியானால் நம்ம பக்கத்தில் இது குறைவாக அல்லவா இருக்க வேண்டும்?

வார்ட் மிஸ்:
சேர், குடி தாய்வழி மட்டும்தான் பார்க்கிறது. மாமன் மகள் வேறு குடி, ஏனென்றால் அவளுக்கு அவள் தாயின் குடி. கலியாணம் பேச ஒரு தடையும் இல்லை, இன்னும் சொன்னால் முறைப்பெண். ஆனால் உங்கள் தாயும் அவள் தகப்பனும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். அம்மம்மாவிடமோ அப்புச்சியிடமோ ஒரு பழுதான மரபணு இருந்திருந்தால் அது இரண்டு கிளையாலும் இறங்கி வந்து சந்திக்க வழி இருக்கிறது. மரபணுவுக்குக் குடி தெரியாது. சொந்தத்துக்குள் கட்டாதவர்களுக்கும் வரலாம், ஆனால் மச்சான் மச்சாள் கலியாணத்தில் வாய்ப்புக் கூடும். தாய் தகப்பன் இருவரும் காவிகள் (பழுதான மரபணு ஒன்றைச் சுமப்பவர்கள்) என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது என்று கணக்குப் பார்க்கிறார்கள் சிலர். அப்படி இல்லை, ஒவ்வொரு முறையும் புதுக் கணக்கு.

களுவாஞ்சிக்குடி அம்மா:
நாங்களும் மச்சான் மச்சாள்தான். இதற்கு மூத்த பிள்ளை ஒன்று எட்டு மாதத்தில் காய்ச்சலோடு போய்விட்டது. பேய்க் காத்து என்று சொன்னார்கள். இப்போதுதான் எனக்கு யோசனை ஓடுகிறது. அடுத்த பிள்ளைக்கு ஆசைப்படலாமா?

வார்ட் மிஸ்:
அக்கா, மனசு கனக்கிறது. அந்தப் பிள்ளையின் கதையைக் கட்டாயம் கிளினிக்கில் சொல்லுங்கள். இந்த வருத்தத்தில் அப்படி ஒரு வரலாறு பெரிய தடயம். அடுத்த பிள்ளைக்கு ஆசைப்படுவதில் தப்பில்லை. முதலில் மரபணுப் பரிசோதனை பற்றிப் பேசுங்கள். கர்ப்பம் என்றால் குடும்பநல மருத்துவமாதுவிடமும் பிரசவ விடுதியிலும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், பிறந்த முதல் மணியிலிருந்தே பால் தவறாமல் கொடுத்து இரத்தமும் அனுப்பலாம். எல்சாட் என்ற உறவுக்கார வகையில் வயிற்றுப் பிள்ளைக்கு வருத்தம் இருந்தால் தாய்க்கே கடைசி மாதங்களில் ஈரல் கெட்டுப்போவதும் உண்டு. அதனால் பிரசவ டொக்டருக்கும் இது தெரிய வேண்டும்.

ஏறாவூர் ராத்தா:
அல்லாஹ் பொறுமையைத் தரட்டும் தங்கச்சி.

காய்ச்சல் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. பயம் அங்கேதான். பிள்ளை சாப்பிட மறுக்கிறது, வாந்தி, வயிற்றோட்டம் என்றால் நாங்கள் உடனே அவசரப் பானத்துக்கு மாறுவோம். மகனுக்கு ஐந்து வயது, கிளினிக் எழுதித் தந்த அவன் அவசரத் தாளில் 100 மில்லிலீற்றருக்கு 20 கிராம் குளுக்கோஸ் பொலிமர் மா என்று இருக்கிறது, இரண்டு மணிக்கொருதரம், ராத்திரியும். சின்னப் பிள்ளைகளுக்குச் செறிவு குறைவு, அதனால் என் அளவைப் பார்த்து எடுக்காதீர்கள். சாதாரணக் குளுக்கோசை அந்த அளவு கரைத்தால் வயிற்றால் போகும்.

நம்ம ஆட்கள் உடனே ஜீவனி கரைப்பார்கள். ஜீவனி மாதிரிக் கரைசல் தண்ணீரும் உப்பும் ஈடுகட்டத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் அளவில் ஒரு முழு லீற்றரில் இருக்கிற குளுக்கோஸ் 13.5 கிராம். என் மகனுக்கு ஒரு கோப்பைக்கே அதைவிடக் கூட வேண்டும். இளநீரும் அப்படித்தான், குடிக்கட்டும், ஆனால் அதை நம்பி ராத்திரியைக் கடத்த முடியாது.

இரண்டு தரம் வாந்தி எடுத்தால் நான் வீட்டில் நிற்பதில்லை. ஒருமுறை ஒரு ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, சீனி நோர்மல், வீட்டுக்குப் போங்கள் என்றார்கள். பிள்ளை தூங்கி வழிகிறது. நான் வாசலில் இருந்து எழும்பவில்லை. பெரிய டொக்டர் வந்து தாளை வாசித்ததும் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஏற்றினார்கள்.

வார்ட் மிஸ்:
ராத்தா செய்தது நூற்றுக்கு நூறு சரி. சீனி விழுவது பிந்தித்தான் தெரியும். அதற்கு முன்னமே எரியாத கொழுப்பின் கழிவு சேர்ந்து பிள்ளை மந்தமாகிவிடும். குளுக்கோமீற்றர் நல்ல இலக்கம் காட்டுகிறது என்று காத்திருக்கக் கூடாது. சேலைன் ஏற்றினார்களா என்று மட்டும் பார்க்காமல் அதில் டெக்ஸ்ட்ரோஸ் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இன்னும் பெயர் தெரியாத பிள்ளையை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: மயங்கி வந்த அந்த நேரத்து இரத்தத்தையும் சலத்தையும் எடுத்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள். தெளிந்த பிறகு எடுத்தால் சில வகை மறைந்துவிடும்.

தாளை மூன்று மொழியிலும் வைத்திருங்கள். அம்பாறைக்கு மாற்றினால் அங்கே பாதிப்பேர் சிங்களத்தில்தான் வாசிப்பார்கள். லெமினேட் பண்ணி ஒன்று பையில், ஒன்று பாலர் பாடசாலை ரீச்சரிடம். வலிப்புக்குக் கொடுக்கிற வல்ப்ரோயேட், அஸ்பிரின் இரண்டையும் கேட்காமல் கொடுக்க வேண்டாம் என்றும், சத்திரசிகிச்சைக்குப் பட்டினி போட்டால் கூடவே டெக்ஸ்ட்ரோஸ் ஏற்ற வேண்டும் என்றும் அதில் எழுதி வாங்குங்கள்.

காத்தான்குடி காக்கா:
என் மருமகனுக்கு 16 வயது, எம்கேட். நோன்பு பிடிக்க அடம். கூட்டாளிமார் எல்லாரும் பிடிக்கிறார்கள், நான் மட்டும் சாப்பிட்டால் வெட்கம் என்கிறான். சஹர் நல்லாச் சாப்பிட்டால் தாங்காதா?

ஏறாவூர் ராத்தா:
காக்கா, சஹரில் இருந்து இப்தார் வரைக்கும் நம்ம நாட்டில் 13 மணி நேரத்துக்கு மேல். வெயில், விளையாட்டு, இடையில் ஒரு காய்ச்சல் வந்தால் முடிந்தது. நோயாளிக்குக் குர்ஆனே சலுகை தந்திருக்கிறது, தீராத வருத்தம் என்றால் ஒரு ஏழைக்கு உணவளிக்கலாம். நாங்கள் மௌலவியையே வீட்டுக்கு அழைத்து மகனிடம் பேசச் சொன்னோம், டொக்டர் சொன்னதைவிட அது ஏறியது. மருமகனைப் பகலில் கடைத்தெருவில் சாப்பிட வைக்க வேண்டாம். வீட்டில் ஒரு அறையில் நேரத்துக்குச் சாப்பிடட்டும், இப்தாருக்கு எல்லாரோடும் உட்காரட்டும்.

பொத்துவில் நடையன்:
அந்த வயதில் இன்னொன்றையும் கவனியுங்கள். கூட்டாளிமாரோடு குடிக்கப் பழகினால் ராத்திரி சாப்பிடாமல் விழுந்து படுப்பதும் விடிய வாந்தியும் சேர்ந்து வரும். எந்த மதமானாலும் சொல்கிறேன்.

வெல்லாவெளி விவசாயி:
படுவான்கரை (வாவியின் மேற்குக் கரை) ஆட்களுக்கு ஒரு கேள்வி. மாரியில் வெள்ளம் வந்தால் எங்கள் றோட்டு போய்விடும். போன வெள்ளத்தில் உழவு மெசினில் ஏற்றித்தான் ஆட்களை இறக்கினோம். அண்ணன் மகளுக்கு இப்போதுதான் இந்தக் குறைபாடு என்று சொல்லியிருக்கிறார்கள். நடுச்சாமத்தில் வாந்தி எடுத்தால் என்ன செய்வது?

வார்ட் மிஸ்:
ஐயா, கார்த்திகை பிறக்க முன்னமே கிளினிக்கில் இதைச் சொல்லுங்கள். பொலிமர் மா கூடுதலாக வாங்கித் தண்ணீர் படாத டின்னில் வையுங்கள், கொதித்தாறிய தண்ணீரும் தனியாக. மழை அறிவிப்பு வந்ததும், பிள்ளைக்கு இலேசாகச் சளி இருந்தாலே எழுவான்கரையில் (வாவியின் கிழக்குக் கரையில்) சொந்தக்காரர் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். தண்ணீர் ஏறியபின் யோசிக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வருகிற அம்புலன்ஸ் எவ்விடம் வரைக்கும் வரும், அங்கே மட்டும் பிள்ளையை யார் எதில் கொண்டுபோவது என்று கிராம சேவகரோடு இப்போதே பேசி வையுங்கள். சோளமா பற்றியும் கேளுங்கள். சில பிள்ளைகளுக்குப் படுக்கும் முன் அவிக்காத சோளமாவைப் பச்சைத் தண்ணீரிலோ ஆறிய பாலிலோ கலக்கிக் கொடுக்கச் சொல்வார்கள், மெல்ல மெல்லச் சீனியாகும். சுடுதண்ணீரில் கலக்கினால் கஞ்சியாகிப் பலன் போய்விடும். எல்லாருக்கும் ஒத்து வராது, வயதும் அளவும் அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

வெல்லாவெளி விவசாயி:
நன்றி மகள். உழவு மெசின்காரன் பக்கத்து வளவுதான், இன்றைக்கே சொல்லி வைக்கிறேன்.

களுவாஞ்சிக்குடி அம்மா:
கிளினிக் முடிந்து வந்தேன். எம்.சி.டி. எண்ணெய் தந்திருக்கிறார்கள், அளவு ஊசிக்குழாயில். அதைப் பொரிக்கப் பாவிக்க வேண்டாம், சீக்கிரம் புகையும், சோற்றிலோ கஞ்சியிலோ கலந்து கொடுங்கள் என்றார்கள். சொதிக்கு மூன்றாம் பிழிச்சல் ஒரு கரண்டி வரைக்கும் சரியாம். மூத்த பிள்ளையின் கதையை எழுதிக்கொண்டு எங்கள் இரண்டு பேருடைய இரத்தமும் எடுத்தார்கள். மாமி இப்போது எல்லாக் கறிக்கும் சின்னச் சட்டி வைக்கிறார், ஆனால் அதில் உப்பைக் கூட்டிப் போடுகிறார். அது தனிச் சண்டை.